முப்பதாம் தேதிக்குள் ரிலீஸ்

எங்கள் ஆபீசில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அடிபடும் வார்த்தை ரிலீஸ். எழுதி முடித்த புரோகிராமை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது ரிலீஸ். மாதம் ஒருமுறை நடக்கும் அந்த வைபவத்துக்கு கேக் கூட வெட்டுவார்கள். அதில் என்னென்ன மாற்றினோம் என்று நீட்டி முழக்கி எழுதுகிற கடிதம் ரிலீஸ் நோட். ஓர் ஆளை ஒரு ப்ராஜெக்டிலிருந்து அவிழ்த்து இன்னொன்றுக்கு அனுப்பினால் அதுவும் ரிலீஸ்தான். முதல் வகை மாதம் தவறாமல் நடந்துவிடும். கடைசி வகைக்கு நான் இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறேன். "ரிலீஸ் நேரத்துல யாருக்கும் ரிலீஸ் கிடையாதும்மா, தெரியுமில்ல?" என்பார் மேனேஜர் ஆம்ப்ரோஸ். இதைச் சொல்லும்போது அந்த மனிதருக்குச் சிரிப்பே வராது.

ஆம்ப்ரோஸ் லிங்கராஜபுரத்துக்காரர். தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர். கிறிஸ்துமஸ் சமயத்தில் டீமில் உள்ள பதினோரு பேருக்கும் வீட்டிலிருந்து கல்கல் பலகாரம் கொண்டுவருவார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் எதைக் கொண்டுபோனாலும் "பாத்துக்கலாம் தர்ஷினி" என்பார். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு முப்பத்துமூன்று வயதாகிவிட்டது.

என் கணவர் ஹரிஷ்குமார் கோயம்புத்தூரில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். நிரந்தர வேலை, விட்டுவிட்டு வா என்று சொல்ல முடியாது. நான்கு வயது மகள் அவரிடம் இருக்கிறாள். கீழ் வீட்டில் அவருடைய அக்கா இருப்பதால் காரியம் ஓடுகிறது. நான் ஜோகுபாளையத்தில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். போன மாதம் கிளம்பும்போது பாப்பா வாசல்வரை வந்து, "அம்மா, மறுபடி எப்ப எங்க வீட்டுக்கு வருவே?" என்று கேட்டாள். நம்ம வீடு என்று சொல்லவில்லை. சேலம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி பாவம், மூன்று தடவை தண்ணீர் கொடுத்தார்.

எங்கள் கம்பெனிக்குக் கோயம்புத்தூரிலும் ஒரு கிளை உண்டு. அங்கே எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு முறை காத்திருந்து சலித்துவிட்டு, இந்த முறை தெளிவாக மெயில் போட்டுவிட்டார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் ரிலீஸ் ஆர்டர் வராவிட்டால் வேறு ஆள்.

அந்த மெயிலைப் பற்றி என் கணவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்ததை வீட்டு ஓனர் சந்திரம்மா கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் காபி டம்ளரோடு மேலே வந்துவிட்டார். கன்னடத்துக்கு நடுவே அங்கங்கே தமிழைப் போட்டுப் பேசுகிறவர்.

"ஏனம்மா, பேஜார் மாட்கோபேடா, கவலப்படாதே. ரிலீஸ் ஆகல, கையெழுத்து போட மாட்டேன்றான்னு அழுதியே. யாரும்மா உள்ளே இருக்கறது? நம்ம அக்கா மகன் லாயர்தான், நல்ல ஹுடுகா, நல்ல பையன். சொல்லு, ஜாமீன் எடுத்துடுவான்."

"நான்தாம்மா உள்ள இருக்கேன்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பும் வரவில்லை.

நான் உள்ளே போன கதை இது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிய ஒரு புரோகிராம் இருக்கிறது. தினமும் காலை ஐந்து மணிக்கு ஓடும். முந்தின நாள் வந்த க்ளெய்ம்களையெல்லாம் பிரித்து அனுப்பும். நடுவில் நின்றுவிட்டால் எங்கே தட்டினால் மறுபடி ஓடும் என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு முன்னால் தெரிந்திருந்தவர் அசோகன். எனக்குக் கே.டி. கொடுத்தவர் அவர்தான். கே.டி. என்றால் வேறொன்றுமில்லை, போகிறவர் தன் மண்டையில் உள்ளதை வருகிறவர் மண்டைக்கு மாற்றுவது. மாறிவிட்டதா என்று பார்க்கக் கடைசியில் ரிவர்ஸ் கே.டி. என்று ஒன்று வைப்பார்கள். கற்றுக்கொண்டவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேறினால் பழைய ஆளை விட்டுவிடுவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? படமெல்லாம் வரைந்து, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லி, எல்லாரும் கை தட்டும்படி தேறினேன். அசோகன் அந்த வெள்ளிக்கிழமையே போய்விட்டார். அப்படி ஒரு மக்கு நான்.

அதற்கப்புறம் நான் இரண்டு பேருக்குக் கே.டி. கொடுத்தேன். முகேஷ் என்பவன் ஒரு மாதம் கேட்டுவிட்டு வேலையையே விட்டுப் போனான். நோயல் இரண்டு மாதம் கேட்டுவிட்டு வெளிநாடு போனான். மூன்றாவதாக வந்தவள் அனுஷா.

அனுஷா ஆம்பூர்க்காரி. இருபத்தாறு வயது. கற்பூரம் என்பார்களே, அப்படி. ஒரு விஷயத்தை அவளுக்கு இரண்டாம் முறை சொல்லவே தேவையில்லை. மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம். என் பாப்பாவின் போட்டோவை அவள் போனிலும் வைத்திருந்தாள். இந்தத் தடவை தப்பிவிடுவேன் என்று முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பவில்லை. ஆம்ப்ரோஸிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் "காலையில ரன் என்ன ஆகும்?" என்று அவர் கேட்பார் என்ற பயம்தான். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் போன் அலறியது. புரோகிராம் நின்றுவிட்டது. லேப்டாப்போ ஜோகுபாளையத்து அறையில் இருக்கிறது. அனுஷாவைக் கூப்பிட்டேன்.

"பதறாதீங்கக்கா. நான் பாக்கறேன். நீங்க பாப்பாவைப் பாருங்க," என்றாள்.

நாற்பது நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "ஓடிருச்சுக்கா. ஒரு பாலிசி நம்பர் நடுவுல ஸ்பேஸ் விழுந்திருந்துச்சு. அதைத் தனியா ஒதுக்கிட்டு, மூணாவது படியில இருந்து திரும்ப ஓட்டினேன். டிக்கெட்டையும் க்ளோஸ் பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம்க்கா, சரியா?"

டிக்கெட் என்பது ஒவ்வொரு கோளாறையும் யார், எப்படிச் சரிசெய்தார் என்று கம்ப்யூட்டரில் எழுதி வைக்கும் பதிவு. நான் ஊரில் இல்லாதது வெளியே தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அழாத குறை. நான் இல்லாமலே புரோகிராம் ஓடிவிட்டது. பாப்பாவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டு என் கணவரிடம், "ஏனுங்க, மே மாசம் நான் இங்கதான்," என்றேன். அவர் உடனே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

இருபத்தேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு ரிவர்ஸ் கே.டி. மீட்டிங் அறையில் நான், ஆம்ப்ரோஸ், அனுஷா. திரையில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வீணா மேடம்.

அனுஷா எழுந்து நின்றாள். முதல் படியைச் சரியாகச் சொன்னாள். இரண்டாவதில் திக்கினாள். மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றிச் சொன்னாள். பதற்றம் போலிருக்கிறது என்று நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதையும் தப்பாகப் பிடித்துக்கொண்டாள்.

"போன திங்கக்கிழமை நின்னுச்சே, அது எதனாலம்மா?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"அது அக்காதான் சார் பாத்தாங்க. எனக்கு அது சரியாப் புரியல," என்றாள் அனுஷா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் பதற்றமே இல்லை. தேறினால் என்ன ஆகும் என்று தெரிந்து, தேறாமல் இருக்கத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்ற கோபமும் அதில் சேர்ந்திருந்தது.

வீணா மேடம் இன்னும் இரண்டு மாதம் கே.டி. தொடரட்டும் என்றார். ஆம்ப்ரோஸ் என் தோளைத் தட்டி, "ஜூன் ரிலீஸ் முடியட்டும், பாத்துக்கலாம் தர்ஷினி," என்றார். டீ குடித்துவிட்டு வந்து மீதியைப் பேசலாம் என்று பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள்.

தண்ணீர் மெஷின் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். "என்னடி பண்ற நீ?"

"சத்தம் போடாதீங்கக்கா." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கு இருபத்தாறு வயசு. இதுல மாட்டினா முப்பத்தாறுலயும் இதேதான். வெளியில இந்தப் பழைய லாங்வேஜுக்கு எவன்க்கா வேலை குடுப்பான்? உங்களைத்தான் நான் தெனமும் பாக்கறேனே."

"அப்போ திங்கக்கிழமை?"

"அது உங்களுக்காகச் செஞ்சது. பாப்பாவுக்காக. அதான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

திரும்பி அறைக்குப் போனோம். இருபது அடி நடைதான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்ய வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. வீட்டில் காலியான அந்த அலமாரித் தட்டும் தெரிந்தது.

உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்து, "சார், ஒண்ணு காட்டணும்," என்றேன். போன திங்கட்கிழமையின் டிக்கெட்டைத் திரையில் எடுத்துப் போட்டேன். சரிசெய்தவர் என்ற இடத்தில் அனுஷாவின் பெயர் இருந்தது. காரணம், செய்த வேலை, எந்தப் படியிலிருந்து திரும்ப ஓட்டியது, எல்லாவற்றையும் அழகாக எழுதி வைத்திருந்தாள். நான்கூட அவ்வளவு சுத்தமாக எழுத மாட்டேன்.

"அன்னிக்கு நான் பெங்களூர்லயே இல்ல சார். பாப்பாவுக்குக் காய்ச்சல், கோயம்புத்தூர்ல இருந்தேன். உங்ககிட்ட சொல்லாதது தப்புதான். இவதான் தனியா சரி பண்ணினா. நாப்பது நிமிஷத்துல."

ஆம்ப்ரோஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட! இவ்ளோ தெரிஞ்சு வெச்சுக்கிட்டா தெரியல தெரியலன்னே? என்னம்மா, மேடத்தைப் பாத்து பயந்துட்டியா?" என்றார். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல மனிதர். வீணா மேடமும் சிரித்தார். இதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டும், எங்களுக்குச் சம்மதம் என்றார். ஆம்ப்ரோஸ் அங்கேயே உட்கார்ந்து ரிலீஸ் மெயிலைத் தட்டினார். என் போன் ஒருமுறை அதிர்ந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி அவ்வளவு சந்தோஷம். அவமானமும் கூடவே இருந்தது. ஆனால் மெயிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

"தேங்க்ஸ் சார்," என்றாள் அனுஷா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு அறையில் நாங்கள் இரண்டு பேர். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அதோடு முடிந்துவிடும். அவள் திட்டவில்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாசக் கடைசி ரன் ஞாயித்துக்கிழமையில வந்தா என்ன பண்ணணும்? அதை நீங்க இன்னும் சொல்லித் தரல."

அக்கா என்று அவள் கூப்பிடவில்லை.

"சனிக்கிழமையே தேதியை மாத்தி வைக்கணும்," என்றேன். "இல்லேன்னா திங்கக்கிழமை காலையில நின்னுரும்."

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல. அதுக்கு முன்னால முடியாது."

"அப்போ சனிக்கிழமை ஊருக்குப் போக முடியாது," என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டாள்.