நீர் சரிந்த பக்கம்

நீலத் தண்ணீர்த் தாங்கியைச் சாய்த்துப் பிடித்தும் வாளி பாதிக்கு மேல் நிறையவில்லை. ஸஜீதா குழாயை இன்னொரு தரம் திருகிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"இது காலுக்குக்கூடக் காணாது மகள்," என்றாள் றாபியா மாமி. ஊரில் பெண்கள் மவுத்தானால் உடலைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இலந்தை இலையையும் கற்பூரத்தையும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள். "மூணு தரம் ஊத்தணும். அசர் தொழுகையோட அடக்கம்ண்டு பள்ளியில சொல்லியாச்சு."

"தண்ணி பவுசர் நாளைக்குத்தான் வரும் மாமி."

"நாளை வரைக்கும் உம்மா காத்துக்கொண்டு ஈப்பாவா? கெணறு ஒண்டு ஈக்குதே."

ஸஜீதா திரும்பிப் பார்த்தாள். பின்வாசலுக்கு வெளியே கிணறு தெரிந்தது. அதன் சுற்றுக்கட்டில் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் அடையாளம். வாயைத் தகரத்தால் மூடிக் கம்பியால் இறுக்கியிருந்தது. கம்பியைக் கட்டியது அவள்தான்.

மேட்டில் பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை மூடிக் கிடந்தது. அதன் வளவில் மேய்ந்த மாடுகள் விழுந்து செத்த பிறகுதான் மாத்தளையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். சரிவெங்கும் துளையிட்டுக் குழாய் இறக்கினார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, முடிவு வரும்வரை ஒரு சொட்டும் வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மற்ற வீடுகளில் கண்மறைவில் அள்ளிக் குடித்தார்கள். ஸஜீதா கம்பி கட்டினாள்.

அதற்குள் உம்மா மஸூதா படுக்கையில் விழுந்துவிட்டாள். ஈரலில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உம்மா சோறு கேட்கவில்லை, பழம் கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் கேட்டாள்.

"ஒரே ஒரு முடக்கு, மகள். பவுசர் தண்ணி ஆஸ்பத்திரி வாடை அடிக்குது."

"முடிவு வரட்டும் உம்மா."

"அது வாரத்துக்குள்ள எனக்கு முடிவு வந்துரும்."

தம்பி ஹுஸ்னிக்கு அன்று பொறுக்கவில்லை. "மவுத்தாகப் போற ஆளுக்கு இனி என்ன நஞ்சு தாத்தா? குடுங்களே!" என்று அக்காவிடம் கத்திக்கொண்டு கம்பியில் கை வைத்தான். ஸஜீதா ஓடிப்போய்க் கிணற்றின் முன்னால் நின்றாள். தன் கையால் உம்மாவுக்கு நஞ்சு ஊற்ற ஏலாது என்றாள். அவன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நேற்றுக் காலை உம்மா மறுபடியும் கேட்டாள். ஸஜீதா பவுசர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, கிணற்றடியில் எப்போதும் கிடக்கும் நசுங்கிய அலுமினியக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோனாள்.

"கெணத்துத் தண்ணிதான் உம்மா."

உம்மா அதை நாக்கில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விழுங்காமல் இருந்தாள். பிறகு விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

"கெணறும் என்னைப் போல கெழடாப் போச்சு போல."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

"இஞ்ச பாரு மகள்," றாபியா மாமி தணிந்த குரலில் சொன்னாள். "நிறம், மணம், ருசி மூணும் மாறல்லண்டா அது சுத்தமான தண்ணிதான். மார்க்கக் கிதாபுல அப்பிடித்தான் ஈக்குது."

"நஞ்சுக்கு நிறம் இல்ல மாமி."

"மையித்து குடிக்கவா போகுது?"

ஸஜீதா வாளியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அப்போது பட்டறைப் பக்கத்து ஒற்றையடிப் பாதையால் யாரோ வேகமாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. ஆராய்ச்சிக்காரர்களில் தமிழ் பேசுகிற ஜீவராஜ். தேயிலைத் தோட்டத்துப் பையன். தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் உம்மாவோடு வாயடிப்பவன். கையில் ஒரு பிஸ்கட் பக்கெட் இருந்தது. கிணற்றடியில் நின்றுகொண்டே கூப்பிட்டான்.

"மஸூதாம்மா! தேத்தண்ணி போடுங்க! இந்தக் கெணத்துத் தண்ணியிலயே போடுங்க, ஒண்ணும் ஆகாது!"

முன்பக்கமிருந்து மவுத்துக்கு யாஸீன் ஓதும் சத்தம் வந்தது. ஜீவராஜ் தொப்பியைக் கழற்றினான்.

"விடிய மவுத்தாகிட்டா," என்றாள் ஸஜீதா.

அவன் கிணற்றுக் கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சத்தம் கேட்டு ஹுஸ்னி பின்பக்கம் வந்தான்.

"இப்ப என்ன சொன்னீங்க? தண்ணி நல்லமா?"

"நல்ல தண்ணிதாங்க. ரெண்டு தரம் பார்த்தாச்சு. மண்ணுக்குள்ள ஒரு பாறை குறுக்கால படுத்திருக்கு. பட்டறை அழுக்கெல்லாம் அந்தப் பக்கமா ஓயா ஆத்துக்குச் சரியுது. உங்க பக்கம் வரவேயில்ல."

"எப்ப தெரியும்?" என்றாள் ஸஜீதா.

ஜீவராஜ் பிஸ்கட் பக்கெட்டைப் பார்த்தான். "போன வாரமே. மஸூதாம்மாதான் முன்னயே சொன்னாங்க, முடிவு வந்தா போன்ல சொல்லாத, நேர்ல வந்து என் கையால தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுன்னு. நான் லக்கல பக்கம் வேலையில மாட்டிக்கிட்டேன்க்கா. இன்னைக்குத்தான்..."

ஹுஸ்னி ஸஜீதாவைப் பார்த்தான். அவன் சொல்லட்டும் என்று அவள் நின்றாள். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றாள்.

ஹுஸ்னி உள்ளே போய்க் குறடு ஒன்றை எடுத்துவந்து கம்பியை வெட்டினான். தகரத்தை நகர்த்தியதும் குளிர்ச்சியான ஒரு வாசம் எழுந்தது. ஜீவராஜ் எழுந்து கயிற்றைப் பிடித்தான். இருவரும் மாறி மாறி இறைத்து, வாளி வாளியாக அறை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

றாபியா மாமி திரையை இழுத்துவிட்டாள்.

"முதல்ல ஒளு, தொழுகைக்குக் கழுவுற மாதிரி. மையித்துக்கு வாய் கொப்பளிக்க ஏலாது மகள். துணியை நனைச்சு உதட்டையும் பல்லையும் துடைக்கணும். நீ செய்றியா?"

ஸஜீதா வெள்ளைத் துணியை விரலில் சுற்றி வாளிக்குள் விட்டாள். தண்ணீர் விரலைச் சில்லிட வைத்தது. காய்ந்து வெடித்திருந்த உதடுகளை மெல்லத் துடைத்தாள். பற்களைத் துடைத்தாள். இன்னும் ஒருமுறை நனைத்து, பிழியாமல் கொண்டுவந்து வைத்தாள்.

கீழுதட்டில் ஒரு துளி தங்கி நின்றது.

மாமி உலர்ந்த துணியை நீட்டினாள். ஸஜீதா அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். துளி உதட்டோரம் வரை வந்து, வாய்க்குள் போகாமல், கன்னத்துப் பக்கமாகச் சரிந்து இறங்கியது.