கறார்க்காரி காத்த விதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கத்திச் சொல்லுகிற கதை இல்லை இது. மழைக்கு ஏங்கிக் கிடந்த ஒரு வீட்டில், மழை வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்காரியை ஊரே கறார்க்காரி என்றுதான் கூப்பிடும். வானம் கைவிட்ட காலம் முழுக்க அவள் அடுப்படி மூலையில் ஒரு டிரம் விதைச்சோளம் இருந்தது. வண்டு ஏறாமல் இருக்கச் சாம்பல் கலந்து நிரப்பி, மூடியைச் சுற்றிக் களிமண் மெழுகி வைத்திருந்தாள். மாட்டை விற்றார்கள். கொட்டகைத் தகரத்தைப் பிரித்து விற்றார்கள். டிரம்மில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. உலை வைக்க வழியில்லாத நாளில் அதை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். அரை வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

கட்டிக்கொடுத்த மகள் ஒருமுறை கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

“ரெண்டு படி குடும்மா. நான் சாப்பிட்டாத்தானே இதுக்குப் பால் வரும்?”

“அது வெதை. அத மட்டும் கேக்காத.”

வாசற்படியில் இருந்த கணவர் தலையைத் தூக்காமலே, “அம்மா சொல்றதும் சரிதானேம்மா” என்றார்.

மகள் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். அன்று கறார்க்காரிக்கு இருந்த ஒரே ஆறுதல், இந்தப் பாவத்தில் பங்குக்கு அவராவது கூட இருக்கிறாரே என்பதுதான்.

பிறகு ஒருநாள் மழை கொட்டியது. வரப்பு உடைந்து, வந்த தண்ணீர் ஓடப் பார்த்தது. எப்போதும் அவள்தான் விதைப்பாள். அந்த முறை கணவர் முந்திக்கொண்டார். “நீ போய் வரப்ப அடை. வெதைப்ப நான் பாத்துக்கிறேன்.” இடுப்பு ஒடிய மண் வெட்டிப் போட்டவளுக்கு, இந்த மனுஷனுக்கும் இப்படி ஒரு அக்கறையா என்று கண் கலங்கிவிட்டது.

சுற்று வயலெல்லாம் பச்சை கட்டியது. அவள் வயல் மட்டும் வெறும் மண்ணாகவே கிடந்தது. பக்கத்து வயல்காரி களைக்கொத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, உன் சோளம் உன்கிட்ட அனுமதி கேட்டுத்தான் மொளைக்குமா?”

கறார்க்காரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து விரலால் மண்ணைக் கிளறினாள். கிடைத்த மணியில் ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை, அதற்குள் செத்த வண்டு. சாம்பலில் கிடந்த விதையில் வண்டு எப்படி ஏறும்? சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வீட்டில் கணவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் மணிகளை அவர் முன்னால் போட்டாள்.

“இது யார் வீட்டுச் சோளம்?”

அவர் முறுக்கிய கயிற்றை மடியில் வைத்தார். “தம்பி கேட்டான். அவன் கெணத்துல கொஞ்சம் தண்ணி இருந்துச்சு. வெளஞ்சதும் ரெண்டு மடங்கா தர்றேன்னான். எல்லாம் கருகிப்போச்சு. குடுத்த அன்னிக்கே டிரம்முல தீவனக் கடைச் சோளத்தக் கொட்டி மூடிட்டேன். அதுலயும் கொஞ்சம் மொளைக்கும்னு நெனச்சேன்.”

“நம்ம பொண்ணு வந்து கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவர் கயிற்றையே பார்த்தார். “முன்னாடி.”

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சொல்லியிருந்தா நீ ஒடஞ்சிருப்ப. அந்த டிரம்மு இருக்குங்கிற தெம்புலதான் இந்த வீடே நின்னுச்சு.”

“வீடு நிக்கல. நான் நின்னேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. ஈரம் காய்ந்தால் வருஷமே போய்விடும். பக்கத்து வயல்காரியிடம் போய், விதைத்தது போக மிச்சம் இருந்த பயறைக் கேட்டாள். யாரிடமும் கை நீட்டாதவள் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கேலி மறந்துபோனது. வாரி மடியில் போட்டாள். அது பாதி வயலுக்குத்தான் வரும்.

மறுநாள் காலை கணவர் முன்னால் மண்வெட்டியால் சால் இழுத்துப் போனார். அவள் பின்னால் பயறு போட்டுப் போனாள். வரப்பு வந்ததும் அவர் நின்று, “குடு, மிச்சத்த நான் போடுறேன்” என்று கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது. அவள் மடியை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரைச் சுற்றி நடந்து, அடுத்த சாலில் குனிந்தாள். அந்த வருஷம் பாதி வயல் விளைந்தது. முதல் மூட்டை மகள் வீட்டுக்குப் போனது. தலைச்சுமையாக அவளே கொண்டுபோனாள்.

உங்கள் வீட்டுக்குப் பஞ்சமே வர வேண்டாம், கண்ணுகளா. வந்தாலும், ஒருவருக்குத் தெரிந்த கஷ்டம் மற்றவருக்கும் தெரிந்திருக்கட்டும். எல்லோரும் நல்லா இருங்கள்.