பெரிய புள்ளி

கதவைத் திறந்ததும் என் நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைத்தான் பார்த்தாள்.

“‘காலனியை வெளியே விடவும்.’ காலணிக்கு மூணு சுழி, அண்ணி. இது எந்தக் காலனி? அடுத்த தெருவுல இருக்கே, அதுவா?”

அவளுக்குப் பின்னால் என் கணவர் அவளுடைய கைப்பையையும் ஸ்கேன் உறையையும் சுமந்துகொண்டு நின்றார். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே மூக்கு. அவருக்கு அது அழகு. அவளுக்கு அது என் பக்கம் திரும்பினாலே கூர்மையாகிவிடும்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கல்யாணமான புதிதில் நான் ஆசையாக எழுதிய பிறந்தநாள் வாழ்த்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஆகவே ஆகாது.

இப்போது அவள் கர்ப்பப்பையில் புற்றுநோய்க் கட்டி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு நொதியைத் தடுக்கும் மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் சிலருக்கு அது நன்றாகக் கேட்டதை என் கணவர் குடும்பம் முழுக்கப் பெருமையடித்திருந்தார். மற்ற கட்டிகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று அனுமதி வந்ததும் முதலில் பெயர் கொடுத்தவள் இவள்தான். ஒவ்வொருவர் கட்டியிலிருந்தும் ஒரு துணுக்கை இங்கே தட்டில் வளர்த்து, மாத்திரையை அதில் கலந்து பார்ப்போம். எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் டாக்டர் முடிவெடுப்பார். இவள் விஷயத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

“ஏன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“போன்லயே சொன்னேனே.”

“முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இல்லைன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. வேற ஆஸ்பத்திரியில இதே மாதிரி மாத்திரை தர்றாங்க. தட்டு, கிண்ணம்னு எதுவும் கேக்கல. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஸ்கேன் உறையைப் பார்த்தார்.

“அந்த மாத்திரை உன் கட்டியை வளர்த்துடும்,” என்றேன்.

“மத்தவங்களுக்குக் கரைக்கும், எனக்கு வளர்க்கும். ஆள் பார்த்து வேலை செய்யுது. உங்க கைராசி.”

“அவ சொல்றதைக் கொஞ்சம் கேளேன்மா,” என்றார் கணவர்.

“நீ பையைப் பிடி.”

மைக்ராஸ்கோப் முன்னால் அவளை உட்கார வைத்தேன். இரண்டு தட்டுகள், இரண்டிலும் அவளுடைய செல்கள். மாத்திரை சேர்க்காத தட்டில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. சேர்த்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கியடித்தன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“இது என்னோடதுன்னு என்ன அத்தாட்சி? உங்க எலியோடதாக்கூட இருக்கலாம். பிள்ளை வளர்க்கலைன்னாலும் எலி வளர்க்கறீங்களே.”

“போதும் நிறுத்து,” என்றார் கணவர். அவர் குரல் நடுங்கியது.

எனக்குக் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

“உன்மேல எனக்கு இருக்கிற கோபத்துக்கு, பழி வாங்கணும்னு நினைச்சிருந்தா அந்த மாத்திரையைக் கொடுத்திருப்பேன்.”

அவள் என்னை முறைத்துவிட்டு, “சரி. புரியற மாதிரி சொல்லுங்க,” என்றாள்.

வெள்ளைப் பலகையில் இரண்டு சொற்களை எழுதினேன். வளர். நில்.

“ஜீன்ல இருக்கிற உத்தரவை நகலெடுத்துத்தான் செல் வேலை செய்யும். அந்த நகல் பேரு ஆர்.என்.ஏ. மாத்திரை தடுக்கிற என்சைம் அந்த நகல்ல சில எழுத்து மேல சின்னதா ஒரு ரசாயனக் குறி வைக்கும். நாம புள்ளி வைக்கிற மாதிரி. எழுத்து அதேதான், ஆனா செல் அதைப் படிக்கிற விதம் மாறிடும்.”

“பெரிய புள்ளின்னு சொல்லுங்க.”

“அந்த ரத்தப் புற்றுநோய்ல அது அளவுக்கு மீறி வேலை செஞ்சு, ‘வளர்’ங்கற உத்தரவுக்கெல்லாம் புள்ளி வைக்குது. மாத்திரை அது கையைப் பிடிச்சுக்கும்.” ‘ர்’ மேலிருந்த புள்ளியை அழித்தேன். “வளர. உத்தரவு பாதியில நின்னுடுச்சு. ஆனா உன் கட்டியில அது புள்ளி வைக்கிறது ‘நில்’ங்கற இந்தச் சொல்லுக்கு. என்ன எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. வைக்கிறது மட்டும்தான் தெரியும். அதையும் தடுத்துட்டா...”

அவள் எழுந்து வந்தாள். ‘ல்’ மேலிருந்த புள்ளியைச் சுட்டுவிரலால் தேய்த்தாள்.

நில.

“கட்டி நிலம் நீச்சுன்னு பரவிக்கும்,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

விரலில் ஒட்டிய மையைப் பார்த்தாள். “எங்க அச்சகத்துல ஒரு தடவை தப்பான இடத்துல இருந்த புள்ளியை எடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தவன் மொத்தப் புள்ளியையும் எடுத்துட்டான். அத்தனை புத்தகத்தையும் கூழாக்கினோம்.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, நாளைக்கு வரலைன்னு சொல்லிடு.”

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினார்.

“உங்களை நம்பி இல்லை,” என்றாள் என்னிடம். “அந்தத் தட்டைக்கூட நான் இன்னும் நம்பல. இந்தப் பலகையை நம்பறேன்.”

“எதையோ ஒண்ணை நம்பு.”

“அப்ப எனக்கு என்ன இருக்கு?”

“ஆபரேஷன். அப்புறம் ரேடியேஷன். டாக்டர் முதல்ல சொன்னதுதான்.”

“ஆபரேஷனுக்கு யார் கூட வருவாங்க?”

“உங்க அண்ணன் இருக்காரே.”

“அவன் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவான். அவனைத் தூக்க இன்னொரு ஆள் வேணும்.” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நீங்க வாங்க. பேசக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. ஓரமா உக்காந்திருக்கணும்.”

“உன்கிட்டப் பேச எனக்கு மட்டும் என்ன ஆசையா?”

வாசலில் நின்று, என் மேஜையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்து அறிவிப்பைத் திருத்தினாள். மூன்று சுழி. பேனாவைத் திருப்பித் தராமலே போய்விட்டாள்.