மூலைக்குப் போன எலிகள்

செய்முறைத் தேர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எலி மேடம் மேஜைக்கு மேஜை ஓட ஆரம்பித்துவிட்டாள். ஆய்வகத்தில் பத்துக் கணினிகள். ஒவ்வொரு திரையிலும் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு வெள்ளை எலி. அத்தனையும் சொல்லிவைத்த மாதிரி இடது மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி மூக்கை ஆட்டிக்கொண்டு நின்றன.

'எலி மேடம்' என்பது மாணவர்கள் வைத்த பெயர். உளவியல் ஆய்வகம் முழுக்க அவள் பொறுப்பு. நிஜ எலிகளுக்குப் பதிலாகத் திரைக்குள் ஓடும் எலிகளை அந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். பெயர் ஆய்வகத்தோடு நிற்காமல் முதல்வர் அறைவரை பரவி, வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. வாக்குவாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவள் கணவர், "எலி மேடம் சொன்னா சரிதான்" என்று கும்பிடு போட்டுவிடுவார்.

தேர்வு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. எதுவும் தெரியாத ஒரு புது எலிக்குக் கூண்டுச் சுவரில் இருக்கும் லீவரை அழுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். எலி லீவர் பக்கம் திரும்பினாலே மாணவர் ஒரு பொத்தானைத் தட்டித் தீனி போடலாம். அடுத்து, கிட்டே போனால்தான் தீனி. அதற்கடுத்து, கால் வைத்தால்தான். இப்படியே ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போனால், கடைசியில் எலி தானாகவே லீவரை அழுத்தும். பருவம் முழுக்க இதே மாணவர்கள் விளையாட்டுப் போலச் செய்த வேலை.

இன்றைக்கு ஒரு எலியும் மசியவில்லை.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் மேஜை மேஜையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன மேடம், எல்லாம் சுவரைப் பார்த்து நிக்குது? வீட்டுப்பாடம் எழுதலையா?"

எலி மேடம் சிரிக்க முயன்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. "ஒரு நிமிஷம் மேடம். அணைச்சுட்டு மறுபடி போட்டா சரியாயிடும்."

அணைத்தார்கள், போட்டார்கள், புது எலிகள் வந்தன. லீவரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, அவையும் கொஞ்ச நேரத்தில் மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் மேஜைப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று மாலை எல்லாக் கணினியையும் போட்டுப் பார்த்தது அவள் நினைவுக்கு வந்தது. எலி வந்தது, நடந்தது, சரி என்று அணைத்துவிட்டுப் போய்விட்டாள். தீனி போட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால்!

அதற்குள் விஷயம் பக்கத்து அறைக்கு எட்டிவிட்டது. துறைத்தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னேன். பொம்மைக்குப் பசிக்குமா? பசிக்காத எலி எதைக் கத்துக்கும்?"

"சார், இது வேற ஏதோ கோளாறு..."

"விலங்கியல் துறையில எலி இருக்கு. நம்ம பழைய இரும்புப் பெட்டி ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு. சொல்லுங்க, எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அந்தப் பெட்டியை எலி மேடம் மறந்துவிடவில்லை. அதன் அடித்தளக் கம்பிகளில் மின்சாரம் பாய்ச்சிப் 'பயத்தைக் கற்பிக்கும்' பரிசோதனை ஒன்று உண்டு. ஒருநாள் மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தது. எலி எழுப்பிய சத்தத்தைக் கேட்டு ஒரு மாணவி வெளியே ஓடினாள், பிறகு அந்தப் படிப்புக்கே திரும்பவில்லை. எலியை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு போனவள் எலி மேடம். அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டுத்தான் இந்தத் திரை எலிகளை வாங்க வைத்தாள். இன்றைக்கு இவை தோற்றால் அந்தப் பெட்டி மறுபடி மேஜைக்கு வரும். அதைத் தடுக்க அவளிடம் ஒரு வார்த்தை மிச்சம் இருக்காது.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள சரியாகலைன்னா, தேர்வு நடத்த முடியலன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன். இவங்க எல்லாம் மறுபடி வந்துதான் எழுதணும். எனக்கும் வேற வழி இல்ல."

எலி மேடம் தன் அறைக்கு ஓடினாள். அங்கே அவளுடைய கணினியில் அதே மென்பொருள். ஒரு எலியை எடுத்துப் பழக்கினாள். பூனைக்குட்டி மாதிரி சொன்னபடி கேட்டது. ஆக, கோளாறு எலியிடம் இல்லை, ஆய்வகக் கணினிகளில்தான். விடுமுறையில் அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்து புதிதாக அமைத்துக் கொடுத்தது கணினிப் பிரிவு. கணினிப் பிரிவு என்றால் அவளுடைய நாத்தனார்.

அங்கேதான் சிக்கல்.

மாமியாருக்குக் கால் எலும்பு முறிந்தபோது யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று ஒரு பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் நாத்தனார் சொன்னாள்: "அண்ணிக்கு எலி மேல இருக்கிற இரக்கம் எங்கம்மா மேல இல்ல." அன்றைக்கு நின்ற பேச்சு. பிறகு மாமியார் எலி மேடத்தின் வீட்டுக்கே வந்துவிட்டார், நாத்தனார் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஒரே கல்லூரி, ஒரே வாசல், எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

எலி மேடம் முற்றத்தைக் கடந்து போய்க் கணினிப் பிரிவின் கதவைத் தள்ளினாள். நாத்தனார் தலை நிமிர்ந்தாள். முகம் ஒரு கணம் இறுகியது.

"லேப்ல தேர்வு நின்னு போச்சு" என்றாள் எலி மேடம். தங்கச்சி என்றோ பெயர் சொல்லியோ கூப்பிடவில்லை. "நீ வந்து பாக்கணும்."

"நான் எல்லாத்தையும் சரியா போட்டுத்தான் கொடுத்தேன். இப்ப வந்து என் தலையில கட்டாதீங்க."

"கட்ட வரல. எனக்குத் தெரியல, உனக்குத் தெரியும். பிள்ளைங்க உக்காந்து அழுதுட்டு இருக்கு."

நாத்தனார் திரையைப் பார்த்தாள், எலி மேடத்தைப் பார்த்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் நாத்தனார் முதல் கணினியில் உட்கார்ந்து, வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தாள். பயனில்லை. மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். எலி வந்தது, மூலைக்குப் போனது. எலி மேடத்தின் கணினியிலிருந்து கோப்புகளைக் கொண்டுவந்து போட்டாள். அதுவும் மூலைக்கே போனது. அவள் நெற்றியில் வேர்த்தது. துறைத்தலைவர் சன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேர்வாளர் தன் பையைத் திறந்து பேனாவை வெளியே எடுத்தார்.

அப்போது கடைசி மேஜையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

"மேடம், என் எலி கத்துக்குது."

எல்லாரும் திரும்பினார்கள்.

"லீவரை இல்ல மேடம். மூலையை. நான் பொத்தானைத் தட்டினா தீனி உடனே விழல. எலி லீவரை மோந்துட்டு, சுவரை ஒட்டி நடந்து மூலைக்குப் போயிடுது. அது அங்க நிக்கும்போதுதான் தீனி விழுது. மூலையில நின்னாத்தான் சோறுன்னு நினைச்சுக்குது."

எலி மேடம் அந்த மேஜைக்குப் பாய்ந்து போய்ப் பொத்தானைத் தட்டினாள். எலி லீவரிடம் இருந்தது. தீனி வரவில்லை. எலி திரும்பியது, நடந்தது, மூலையை அடைந்தது. தட்டில் தீனி விழுந்தது. எத்தனை தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறாள், செய்கைக்கும் பரிசுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பாடம் வேறாகிவிடும் என்று! அவள் கண்ணெதிரிலேயே அது நடந்திருக்கிறது, எலியையே முறைத்துக்கொண்டிருந்ததில் தீனியைக் கவனிக்கவில்லை.

"தாமதம்!" என்றாள். "தீனி லேட்டா விழுது. என் ரூம்ல தட்டின உடனே டிக்குன்னு விழுந்தது."

"டிக்குன்னா?" நாத்தனார் சட்டென்று திரும்பினாள். "சத்தம் வருதா உங்க மெஷின்ல?"

"ஆமா. தீனி விழுந்தா ஒரு சத்தம் வரும். எப்பவும்..." எலி மேடம் நிறுத்தினாள். காலையிலிருந்து ஆய்வகம் அமைதியாக இருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாத்தனார் உதட்டைக் கடித்தாள். "இங்க சவுண்டை நான் எடுத்துட்டேன். வெறுமனே குறைச்சு வெச்சா பசங்க ஏத்திடுவாங்கன்னு, வேரோட எடுத்துட்டேன். இந்த சாஃப்ட்வேர் தீனி போடறதுக்கு முன்னாடி சத்தம் போட வழி தேடுது போல. கிடைக்கல. தேடித் தேடி அலுத்துப்போன பிறகுதான் தீனியைப் போடுது."

"ஓகோ!" துறைத்தலைவரின் குரல் சன்னலிலிருந்து வந்தது. பழக்கதோஷம், அதட்டலாகத்தான் வந்தது. ஆனால் பாதியில் தேய்ந்துபோனது.

தேர்வாளர் நாத்தனாரைப் பார்த்தார். "எதுக்குமா எடுத்தீங்க?"

நாத்தனார் துறைத்தலைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "நான்தான் மேடம் எடுத்தேன். இப்படி ஆகும்னு யோசிக்கல."

எலி மேடத்துக்குப் புரிந்துவிட்டது. ஆய்வகத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது யாருடைய அறை என்று அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுக்கச் சொன்னது நான்" என்றார். யாரையும் பார்க்கவில்லை. "நாள் பூரா டிக் டிக்குன்னு... தலைவலி. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "போடுங்க, திரும்பப் போடுங்க. நேரம் போகுது பாருங்க" என்றார்.

நாத்தனார் ஒரு கோடியிலிருந்தும், அவள் சொல்லச் சொல்ல எலி மேடம் மறு கோடியிலிருந்தும் தொடங்கினார்கள். "அண்ணி, அதுல இல்ல, கீழ பாருங்க. ஆங், அதான். இப்ப 'சரி'ன்னு குடுங்க." ஒவ்வொரு கணினியாக உயிர் வந்தது. நடு மேஜையில் இருவர் கையும் ஒரே மவுஸில் மோதிக்கொண்டபோது, "ஒரு எலியைப் பிடிக்க ரெண்டு பேரா?" என்று ஒரு பையன் முணுமுணுத்தான். தேர்வாளர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அவருக்கே உதடு துடித்தது.

"எல்லாரும் புது எலி எடுத்துக்கோங்க" என்றார் தேர்வாளர். "நேரத்தை இப்பலேருந்து கணக்கு வைக்கிறேன்."

கடைசி மேஜைப் பெண் மறுபடி கை தூக்கினாள். "மேடம், நான் இதே எலியை வெச்சுக்கலாமா?"

"ஏன்மா? அது மூலையைப் பிடிச்சுட்டு நிக்குது. உனக்குத்தான் கஷ்டம். முடியலைன்னா மார்க் போகும்."

"அது சொன்னபடிதான் மேடம் செஞ்சுது. மறக்க வெக்க முடியுதான்னு பாக்கறேன்."

வேண்டாம் என்று எலி மேடம் தலையசைக்கும் முன் தேர்வாளர், "உன் இஷ்டம்" என்றுவிட்டார்.

ஆய்வகம் முழுக்க 'டிக், டிக்' என்று கேட்க ஆரம்பித்தது. முதல் மேஜை எலி லீவர் மேல் கால் வைத்தது. அடுத்ததும் வைத்தது. ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசி மேஜையில் மட்டும் சத்தம் இல்லை. எலி மூலையிலேயே நின்றது. அந்தப் பெண் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தீனி போடவில்லை. போட்டால் மூலைதான் ஜெயிக்கும். எலி மோந்தது, சுற்றியது, திரும்ப மூலைக்கே வந்தது. எலி மேடத்தால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பக்கத்தில் நாத்தனார் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து எலி அலுத்துப்போய் மூலையை விட்டு நகர்ந்தது. தலையை லீவர் பக்கம் திருப்பியது. டிக். மறுபடி மூலைக்குப் போனது, வெறுங்கையோடு திரும்பியது. டிக். தேர்வாளர் அந்த மேஜைக்குப் பின்னால் வந்து நின்று, அங்கேயே நின்றுவிட்டார். நேரம் முடியும் தறுவாயில் எலி பின்னங்காலில் எழும்பி, இரண்டு முன்னங்காலையும் லீவர் மேல் போட்டு அழுத்தியது. தின்றுவிட்டு இன்னொரு தரம் அழுத்தியது. பொத்தானை யாரும் தொடவில்லை.

"போதும். எழுந்திருங்க" என்றார் தேர்வாளர். மதிப்பெண்ணை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். எழுதியபின், "உட்கார்ந்து எழுதற பரீட்சைலயும் இப்படி நிதானமா இரும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

துறைத்தலைவர் போகிற போக்கில் எலி மேடத்திடம் நின்றார். "அந்தப் பெட்டி... ஸ்டோர் ரூம்ல இடத்தை அடைச்சுட்டு இருக்கு. பழைய சாமான் எடுக்கிறவன் வந்தா போட்டுடுங்க." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அடுத்த குழு வெளியே சலசலத்தது. எலி மேடம் இந்த முறை ஒவ்வொரு கணினியிலும் தீனி போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாத்தனார் வாசல் பக்கம் போனவள், கதவோரம் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு வேலை கிடக்குமே" என்றாள் எலி மேடம்.

"கிடக்கட்டும். இன்னொண்ணு படுத்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா இப்ப பிடிச்சு நடக்கறாங்களா அண்ணி?"

"பாத்ரூம் வரைக்கும் தானா போறாங்க. சாயங்காலம் என்னோடயே வா, நீயே பாரு."

நாத்தனார் தலையசைத்தாள். எலி மேடம் கதவைத் திறந்துவிட்டு, வெளியே நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.