திமிங்கலத்துக்கு யார் சொன்னது?

"சிவப்புச் சட்டை போட்ட பாப்பா, எழுந்து நில்லு பாப்போம்!"

திரைக்குள் நீந்திக்கொண்டிருந்த கார்ட்டூன் திமிங்கலம் கூப்பிட்டதும் பெரியவள் குனிந்து தன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு வாயெல்லாம் பல்லாக எழுந்தாள். இந்தப் பூங்காவுக்கு அப்பா, அம்மா, தம்பியோடு அவள் வந்ததே இந்த ஒரு காட்சிக்காகத்தான். திமிங்கலம் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும், கண்கூடச் சிமிட்டும். பின்னறையில் ஒரு ஆள் கேமராவில் பார்த்துக்கொண்டு மைக்கில் பேசுகிறான் என்பது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்குத் தெரியும். முன்னால் கம்பளத்தில் உட்கார்ந்திருந்த பொடிசுகளுக்குத் தெரியாது. பத்து வயதுப் பெரியவளுக்குப் பாதி தெரியும். மீதி தெரிய வேண்டாம் என்று விட்டுவைத்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி வாண்டு, அக்காவைத் திமிங்கலம் கூப்பிட்டுவிட்டது என்று குதித்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா, நீ ராத்திரியானா உன் படுக்கையிலேயே ஒரு கடல் உண்டாக்கிடுறியாமே! நான் அங்க வந்து நீந்தலாமா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. முன்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. பெரியவள் அழவில்லை. திமிங்கலத்தையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, அத்தனை பெஞ்சுகளுக்கு நடுவே அம்மாவைத் தேடிப் பிடித்து, அவளை மட்டும் பார்த்தாள்.

வீடு மாறி, புதுப் பள்ளிக்கூடம் போன பிறகு தொடங்கிய தொந்தரவு அது. விடியுமுன்பே அம்மாவும் பெண்ணும் பூனை மாதிரி எழுந்து, விரிப்பை அலசி, கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார்கள். "நமக்குள்ளயே இருக்கட்டும்மா" என்று பெண் கெஞ்சினாள். சத்தியமே செய்து கொடுத்தாள் அம்மா. பல் மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை அவளுக்கு. யாருக்குச் சொத்தை, யாருக்குப் பொய்ப்பல் என்று இதுவரை ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்டவள், "விடியக்காலைல அப்படி என்னத்தத் துவைக்கிற?" என்று புருஷன் குடைந்தபோது ஒரே ஒரு முறை சொல்லிவிட்டாள். கட்டின புருஷன்தானே, பெற்ற தகப்பன்தானே என்று நினைத்துவிட்டாள்.

அந்தத் தகப்பன் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீங்களா சொன்னீங்க?"

"வரிசைல நிக்கும்போது, காதுல வயர் மாட்டின பொண்ணு ஒண்ணு வந்து கேட்டுச்சும்மா. புள்ளைங்களப் பத்தி வேடிக்கையா ஏதாவது சொல்லுங்க, திமிங்கலம் சொன்னா அசந்துபோவாங்கன்னு. நீ வாண்டுவ பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருந்த."

"வேற ஒண்ணுமே கிடைக்கலையா உங்க ஓட்ட வாய்க்கு?"

"தமாஷுக்குத்தானே. இதப் போயி..."

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன் பேச்சுக்காகவே போனைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று கடைவீதியில் சொல்வார்கள். யாரையாவது சிரிக்க வைக்க முடியும் என்றால் பெற்ற தாயையும் விற்றுவிடுவான், பாவி. பெண் எம்மாத்திரம்? அம்மாவுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. எழுந்து போய், பிள்ளைகளிடம் மைக் நீட்டிக்கொண்டு நின்ற பையனிடமிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"திமிங்கலத்துக்கு யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க. அந்தக் கடல் அவளோடது இல்ல. அதோ, மூணாவது பெஞ்சுல பல்ல இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவங்கப்பா, அவரோடது."

சிரிப்பு அப்படியே புரண்டு அவன்மேல் போய் விழுந்தது. திமிங்கலத்துக்குள் இருந்தவனும் லேசுப்பட்டவன் இல்லை. "அடடே! அப்பா, நெஜமாவா?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டியது திமிங்கலம்.

அரங்கமே அவனைத் திரும்பிப் பார்த்தது. பெரியவளும் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

"ஐயய்யோ, நான் இல்லங்க!" இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே எழுந்துவிட்டான் அவன். "அவ சும்மா சொல்றா. புள்ளையக் காப்பாத்தப் பாக்குறா!"

பெரியவள் கம்பளத்துப் பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி வெளியே நடந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாண்டு அப்பா மடியில் தூங்கிப்போனான். பெரியவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீதானே அப்பாகிட்ட சொன்ன?"

சொல்ல எத்தனையோ சமாதானம் இருந்தது அம்மாவிடம். "ஆமா" என்றாள்.

பெண் எழுந்து போய், முன்னால் காலியாக இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் விடிவதற்குமுன் குழாய்ச் சத்தம் கேட்டு அம்மா எழுந்தாள். குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"கதவத் தொறடி கண்ணு. அம்மா அலசித் தரேன்."

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

"நனைஞ்சா கனக்கும்டி. உன்னால பிழிய முடியாது."

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா விறுவிறுவென்று போய்ப் புருஷனின் போர்வையை உருவினாள்.

"எழுந்திரிங்க."

"என்னம்மா, இன்னும் விடியக்கூட இல்ல..."

"வாங்கன்னா வாங்க. உங்க தமாஷ் நடக்குது."

கையைப் பிடித்து இழுத்து வந்து அந்தக் கதவு முன்னால் நிறுத்தி, சோப்புத்தூள் பாக்கெட்டை அவன் கையில் திணித்தாள்.

"கேளுங்க. உள்ள வரலாமான்னு கேளுங்க."

அவன் தூக்கம் கலையாத முகத்தோடு அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உள்ளே குழாய் நின்றது. ஈரத்துணியைப் பிழிய முடியாமல் பெண் மூச்சு வாங்குவது கேட்டது.

"பாப்பா..." என்றான். கதவிடுக்கு வழியே சோப்புத் தண்ணீர் கசிந்து வந்து அவன் காலை நனைத்தது. அவன் பாக்கெட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.