பச்சைக் கோடு

ஒரகடத்தில் கார் சீட் பூட்டும் எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முறுக்கியவர் அதன் தலையில் தன் நிற மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். என் நிறம் பச்சை. அடுத்தவர் நிறத்தைப் போட்டு மாட்டினால் பேச்சே கிடையாது, நேராக கேட்டுக்கு வெளியேதான்.

லேசான பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடந்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் மறுபடி வேலைக்கு வந்தேன். நினைவு கொஞ்சம் தடுமாறலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதல் வாரமே ஆரம்பித்தது. என் முன்னால் வந்த சீட்டில் முறுக்கும் மெஷினை வைத்தால் போல்ட் அசையவில்லை. ஏற்கெனவே இறுகியிருந்தது. மேலே பச்சைக் கோடு. நான் எப்போது முறுக்கினேன்? என் மார்க்கரோ சட்டைப்பையில் மூடி கழற்றாமல் இருந்தது. அடுத்த சீட் லூஸாக வந்தது, முறுக்கினேன். அதற்கடுத்ததில் மறுபடி பச்சை.

வீட்டில், சாப்பிட்டேனா என்று மனைவி அம்சவல்லியிடம் கேட்கத் தொடங்கினேன்.

"இப்பத்தானே தோசை துன்ன? இன்னா ஆச்சு உனக்கு?" என்றாள்.

தின்றது தெரியும். ஆனாலும் கேட்கத் தோன்றியது. பைத்தியம் பிடிக்கப்போகிறதா, பிடித்தே விட்டதா, ஒன்றும் புரியவில்லை.

முறுக்கியதை மறக்கிறவன், முறுக்காததையும் முறுக்கியதாக நினைத்துவிட்டால்? வண்டியில் போகிறவன் கதி என்ன? பயந்துபோய் சூப்பர்வைசர் ராஜசேகரிடம் சொல்லிவிட்டேன்.

"செஞ்சது எதுவும் நெனப்புல நிக்கல சார்."

அவர் முகம் சுருங்கியது. "நாளைக்கு கம்பெனி டாக்டரப் பாத்துடலாம்ணா. அவர் முடியாதுன்னா வூட்லதான் இருக்கணும்."

மறுநாள் டீ நேரத்தில், எனக்கு முந்தின இடத்தில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் பெண் ஜோதி என்னை ஓரமாக இழுத்தாள்.

"அது நான்தாண்ணா. உங்க கை நடுங்கிக்கினே இருந்துச்சு. லைன் நின்னா உங்களத்தான சொல்லுவாங்க? முடிஞ்சப்பல்லாம் நானே முறுக்கி வுட்டேன். படப்பை கடைத்தெருவுல ஒரு பச்சை மார்க்கர் வாங்கினேன்."

"பாவி! மூள கலங்கிப்போச்சுன்னு நான் செத்துக்கினு கீறேன்!"

அவளை அறைவதா, கும்பிடுவதா? இரண்டுக்கும் கை எழவில்லை. அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

அதற்குள் ராஜசேகர் வந்துவிட்டார். "கிளம்பலாமாண்ணா?"

உண்மையைச் சொன்னால் ஜோதி வெளியே. சொல்லாவிட்டால் நான் வெளியே. நல்லது செய்யப் போய் இப்படியா சிக்கல் போடுவாள் ஒருத்தி!

"வேணாம் சார். எல்லாம் நான்தான் முறுக்கினேன். நல்லா ஞாபகம் கீது."

"அப்ப நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ஜோதி வாயைத் திறக்கப் போனாள்.

"பயம் சார்," என்றேன். "ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதுலேர்ந்து மறதி வந்துடுச்சோன்னு பயம்." சொல்லும்போதே குரல் உடைந்தது. நடிக்கவில்லை.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "போய் நில்லுங்க. இன்னிக்கு உங்க பக்கத்துலதான் இருப்பேன்" என்றார்.

சீட் வந்தது. போல்ட் லூஸாக இருந்தது. மெஷினைத் தூக்கினேன், கை நடுங்கியது. ஜோதி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள்.