தங்கக் கேடயமும் அய்யனார் குதிரையும்

ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்கத்தான் சொர்ணவல்லி பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஓரகத்தி புவனேஸ்வரி என்ன தைக்கிறாள், யார் கொடுத்தது என்று ஒருநாள் பார்க்காவிட்டாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஒங்க கொல்லையிலதான் மரமே நிக்கிது, அக்கா."

"பூச்சி அரிச்சுக் கெடக்குடி."

திருக்கோகர்ணத்தில் ஒரே சுவருக்கு அங்கிட்டும் இங்கிட்டுமாக அண்ணன் வீடும் தம்பி வீடும். மருமகள்கள் இருவருமே கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை போடுகிறவர்கள். டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அச்செடுத்து, துணியில் பதித்து, அதன்மேல் ஜரிகையும் மணியும் கோப்பார்கள்.

புவனேஸ்வரியின் திரை மூலையில் அன்று புதிதாக ஒரு தங்கநிறக் கேடயம் மின்னியது.

"அது என்னடி மூலையில?"

"ஆன்டிவைரஸ், அக்கா. காசு குடுத்து வாங்குனது. கண்ட எடத்துல இருந்து டிசைன் எறக்குறோம்ல, கூடவே என்ன பீடை ஒட்டிக்கிட்டு வருதோ. இது காவக் கெடக்கும். நீங்க போடலையா?"

"நாங்க எப்பவோ போட்டாச்சு. ஒன்னுதவிட ஒசத்தி."

பொய்தான். அந்த ஆன்டிவைரஸின் பெயரைக் கேட்டிருந்தால் புவனேஸ்வரி சொல்லியிருப்பாள். கேட்டால் தன்னிடம் இல்லை என்று தெரிந்துவிடுமே. வீட்டுக்கு வந்து தாளிக்கச் சட்டியை வைத்தாள். எண்ணெய் காய்வதற்கு முன்பே பொறாமை பொரிய ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை கணவனுக்கு இட்லி வைக்கும்போது கேட்டாள். "என்னங்க, நம்ம கம்ப்யூட்டருக்குக் காவலே இல்லையா?"

ஆத்மநாதன் மின்சாமான் கடையில் வேலை பார்க்கிறவர். "ஏன் இல்ல, வாங்கும்போதே உள்ள போட்டுத்தான் வந்துச்சு. நுழைஞ்சிட்ட கெட்டதத் தேடிப் புடிக்கிறது ஆன்டிவைரஸ். வெளியில இருந்து கண்டவனும் நுழையாம வாசல்ல நிக்கிறது ஃபயர்வால். ரெண்டும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அப்டேட் கேட்டாக் குடு, நம்ம வேலைக்கு அது போதும்."

"சும்மா வந்தது எப்படிப் போதும்? ஒங்க தம்பி பொண்டாட்டி காசு குடுத்துல்ல வாங்கியிருக்கா."

"ஒனக்கு வைரஸ் மேல பயமா, புவனா மேல பயமா?"

சட்னியை அள்ளி அவர் தட்டில் வைத்தாள். அவர் கடைக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அதற்குள்ளே தூங்கிக்கொண்டிருந்தது ஒரு குதிரை. அன்னவாசலில் இருந்து சத்யா என்ற கல்யாணப் பெண் பஸ் ஏறி வந்து கொடுத்துப்போன வேலை அது. எல்லாரும் மயில் கேட்கிற காலத்தில் அவள், குலதெய்வம் அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற மண்குதிரை தன் ஜாக்கெட் கைமேல் நிற்க வேண்டும் என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லி, கழுத்து மணியை மாற்றச் சொல்லி வரைய வைத்தாள். துணி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியாகிவிட்டது. இனி அச்செடுத்துப் பதிப்பதுதான் பாக்கி. முகூர்த்தமும் நெருங்கிவிட்டது.

முதலில் அச்செடுத்திருக்கலாம். பொறாமை வேலையைப் பார்க்கவிடாது, கண்ணுகளா. 'நல்ல ஆன்டிவைரஸ் இலவசம்' என்று தேடினாள். சிவப்பாக ஒரு பெட்டி எழும்பியது. 'உங்கள் கணினி ஆபத்து உள்ளது. முதல் தரப் பாதுகாப்பு இலவசம் பெறுங்கள்' என்று அரைகுறைத் தமிழ். பக்கத்தில் ஒரு கேடயம், புவனா வீட்டுக் கேடயத்தைவிடப் பெரிது. அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

'பழைய காவலும் ஃபயர்வாலும் தடையாக உள்ளன, நிறுத்துக' என்றது. நிறுத்தினாள். 'இதைச் செய்தது யாரென்று தெரியவில்லை, அனுமதிக்கவா?' என்று கம்ப்யூட்டர் பாவம் ஒரு தரம் கேட்டுப் பார்த்தது. அனுமதித்தாள். கேடயம் பளபளவென்று வந்து உட்கார்ந்தது. புவனாவை எப்படிக் கூப்பிட்டு இதைக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே காப்பி போட்டுக் குடித்தாள்.

திரும்பி வந்தபோது எந்தப் படமும் திறக்கவில்லை. எல்லாப் பெயரின் வாலிலும் வாயில் நுழையாத எழுத்துகள். திரை நடுவில், படங்கள் திரும்ப வேண்டுமானால் பணம் அனுப்பு என்று மிரட்டல்.

கணவனைப் போனில் கூப்பிட்டாள். "மொதல்ல நெட் வயரப் புடுங்கு. பணம் மட்டும் கட்டிராத, கட்டுனாலும் குடுப்பான்னு என்ன நிச்சயம். நான் சைபர் போலீசு நம்பர் 1930க்குப் போன் போட்டுப் புகார் சொல்லிட்டு வாரேன்" என்றார் ஆத்மநாதன். "வேற எதுலயாச்சும் காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

"இல்லைங்க."

சுவருக்கு அங்கிட்டு அழுகைச் சத்தம் கேட்டுப் புவனேஸ்வரி வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் மனத்தின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தேன் விழுந்தது உண்மை. அன்னவாசல் வேலை இனித் தன் வாசலுக்குத்தானே வரும். அடுத்து அவள் கண்ணில் பட்டது, சட்டத்தில் வெறுமையாக விறைத்து நின்ற பட்டுத் துணி.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்கடி. ஒசத்தின்னு ஒங்கிட்டச் சொன்னது பொய். அத உண்மையாக்கத்தான் இந்தச் சனியன எறக்குனேன்."

புவனேஸ்வரி சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து, தேடி, அக்கா மடியில் வைத்தாள். சற்றுச் சாய்வாக, காது நிமிர்ந்து, கழுத்து மணியோடு நின்றது குதிரை.

"ஒங்கிட்ட எப்படிடி?"

"அன்னைக்கு ஒறமோரு கேட்டு வந்தேன்ல, நீங்க அடுப்படிக்குப் போனப்ப செல்லுல படம் எடுத்தேன். ஒங்களுக்கு முன்னாடி நான் தச்சு வேற ஆளுக்குக் குடுத்துரணும்னு." அவள் குரல் இறங்கியது. "அந்த ஆன்டிவைரஸும் அப்படித்தான். ஒங்க கம்ப்யூட்டருல எல்லாக் காவலும் இருக்குன்னு ஒங்க வீட்டுக்கார மாமா ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னாரு. அக்காகிட்ட இருக்கு, எங்கிட்ட இல்லையேன்னு மனசு ஆறல. எங்க கம்ப்யூட்டருலயும் அந்தக் காவல் முன்னாடியே இருந்துச்சாம், அக்கா. வாங்குனதுக்குப் பெறகுதான் தெரிஞ்சுச்சு."

சொர்ணவல்லி அவளையே பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. "திருட்டுக் கழுத. ஒன் திருட்டுதான் இன்னைக்கு என் மானத்தக் காப்பாத்துது."

அந்தப் படத்தைப் பார்த்து இருவரும் சேர்ந்தே குதிரையை மறுபடி வரைந்தார்கள். இடக்கை அக்காவுக்கு, வலக்கை தங்கைக்கு. சத்யா முகூர்த்தத்தன்று குதிரையோடுதான் மணையில் உட்கார்ந்தாள்.

ஆத்மநாதன் கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்து, பழைய காவலையும் ஃபயர்வாலையும் திரும்ப ஓடவிட்டார். பழைய படங்கள் போனது போனதுதான். இனி வரைவதை ஒரு பென்டிரைவில் எடுத்துத் தனியாகக் கழற்றி வைக்கச் சொன்னார். சொர்ணவல்லி அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"இத ஒன் பீரோவுல வையி. ஒன்னோடத எங்கிட்டக் குடு. என் வீட்டுல ஒண்ணு ஆனாலும் ஒன் வீட்டுல இருக்கும்ல."

"தெறந்து பாத்துருவேனோன்னு பயம் இல்லையாக்கா?"

"பாரு. பாக்கணும்னா எங்கிட்டக் கேட்டுட்டுப் பாரு. நான் ஒன்னயக் கேட்டிருந்தா எனக்கு இந்தக் கேடு வந்திருக்காது. அந்தத் திருடன் பூட்ட ஒடச்சு வரல, புவனா. ஒம்மேல இருந்த எரிச்சல்ல நானே தொறந்துவிட்டேன். எந்தக் காவல் போட்டாலும், பொறாமை வந்து கதவத் தொறந்துவிட்டா வீடு தங்காதுடி."

வரும்போதே அவள் கையில் பென்டிரைவோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இருந்தது. தன் கொல்லையில் பறித்தது. புவனேஸ்வரியின் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.